212 பாகையில் மெல்லிய நீலப் புகை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் கேட்டது ஒரு கடிதம். ஒரே பக்கம் போதும். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் மாவட்டத் தலைநகரில் உள்ள ஓர் அலுவலக மேசைக்கு அது போய்ச் சேர வேண்டும். இன்று திங்கள். கடிதம் எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் முதல் வரியிலேயே சூரியனை வர்ணித்துவிட்டேன். சூரியனை வர்ணித்துத் தொடங்கும் கடிதத்தை எந்த அலுவலகமும் வாங்காது. சரி, கதையாகவே போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடிதம் கேட்டவள் ஒதீலியா. எங்கள் ஊருக்கு மேலே காக்கைக் குன்றின் உச்சியில் ஒரு காவல் கோபுரம் இருக்கிறது. கோடை முழுக்க அதில் உட்கார்ந்துகொண்டு, எங்காவது புகை கிளம்பினால் வயர்லெஸ்ஸில் சொல்வது அவள் வேலை. போன சனிக்கிழமை என் வீட்டுக் கதவைத் தட்டினாள். புகை நுழையாமலிருக்கக் கதவுக்கடியில் ஈரத் துண்டு திணித்து வைத்திருந்தேன். அதை உருவி எடுத்துவிட்டுத் திறப்பதற்குள் நாலு முறை தட்டிவிட்டாள்.

"டாக்டரே, ஒரு லெட்டர் எழுதிக் குடுக்கணும்."

(போர்ச்சுகலில், அதிலும் எங்கள் மலைப்பக்கத்தில், நாலு வரி பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவனை டாக்டர் என்பார்கள். நான் யாருக்கும் ஊசி போட்டதில்லை. வாரப் பத்திரிகையில் ஒரு பத்தி எழுதுகிறேன், அவ்வளவுதான்.)

"என்ன லெட்டர்?"

"பொய்த் தகவல் குடுத்துட்டேன்னு விசாரணை வெச்சிருக்காங்க. மூணாவது தடவையாம். வியாழக்கெழம வரச் சொல்லியிருக்காங்க. இதுவும் பொய்தான்னு முடிவாச்சுன்னா கோபுரத்துச் சாவிய வாங்கிடுவாங்க."

"வாங்கிட்டா?"

"லியோன்ல அக்கா வீட்டுல ஒரு கட்டில் காலியாத்தான் கெடக்கு. அங்க போயி பிரெஞ்சுக்காரங்க வீட்ட தொடைக்க வேண்டியதுதான். தையல் ஃபேக்டரிய மூடினப்புறம் எனக்கு இங்க வேற என்ன இருக்கு? நீங்கதான் நல்லா எழுதுவீங்களே. என்ன நடந்துச்சோ, அத அப்பிடியே எழுதிக் குடுங்க."

கடைசி வாக்கியத்தை அவள் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை.

[கவனித்தேன். கவனிக்காத மாதிரி ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தேன்.]

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். மூன்றையும் காட்டுகிறேன், நீங்கள் சிரிக்கக் கூடாது.

முதல் தொடக்கம்: "புகை சூழ்ந்த இருபத்தைந்தாம் நாளில் சூரியன் ஒரு பழைய செப்புக்காசாக"

செப்புக்காசு வந்ததும் நிறுத்திவிட்டேன். காட்டுத்தீப் புகையைப் பற்றி எழுதுகிற எவனும் சூரியனைக் காசாக்காமல் விடுவதில்லை. நான் என் கண்ணால் பார்த்ததைச் சொல்வதென்றால்: மத்தியானம் மூன்று மணிக்கே பொழுது சாய்ந்துவிட்டது என்று நினைத்து காபிக்கடைக்காரன் ஜசிந்துவின் கோழிகள் கூண்டுக்குள் ஏறிவிடுகின்றன. நாலு மணிக்குக் காற்று திசை மாறிக் கொஞ்சம் வெளுத்தால், விடிந்துவிட்டது என்று சேவல் கூவுகிறது. ஒரே நாளில் இரண்டு நாள் வாழ்ந்து அவை இளைத்துப் போய்விட்டன. முட்டையும் குறைந்துவிட்டது.

இரண்டாம் தொடக்கம்: "தீ எங்களுடையதல்ல. இரண்டு மலை தாண்டி எரிகிறது. தீ அவர்களுக்கு, புகை எங்களுக்கு என்று யாரோ பாகப்பிரிவினை செய்துவிட்டார்கள்."

இது பரவாயில்லை. இதை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் ஓட்டினேன். ஜன்னலைத் திறந்து மூன்று வாரமானதை எழுதினேன். துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போட்டு வீடு முழுக்க வேட்டைநாய் வாடை அடிப்பதையும், பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் காருக்குள்ளிருந்தே கையசைத்துவிட்டுப் போவதையும் எழுதினேன். ஜசிந்துவின் காபிக்கடை வாசலில் நின்றால் எதிர்மலையில் ஏழு மின்கம்பங்கள் வரிசையாக ஏறுவது தெரியும். இப்போது ஊரில் யாரும் யாருக்கும் காலை வணக்கம் சொல்வதில்லை. "இன்னைக்கு எத்தன கம்பம்?" என்றுதான் கேட்கிறோம். மூன்று கம்பம் தெரிந்தால் நல்ல நாள். ஒன்றுகூடத் தெரியாவிட்டால் ஆஸ்துமாக்காரர்கள் வெளியே வருவதில்லை.

எல்லாம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் ஒரு பக்கம் முடிந்தும் ஒதீலியா உள்ளே வரவேயில்லை. அவள் வந்துவிடாமல் நானே கதவுக்கடியில் துண்டைத் திணித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

[இருமல். இரண்டு நிமிடம். தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். தண்ணீரிலும் புகை வாடை.]

மூன்றாம் தொடக்கம்: "ஒதீலியாவுக்குக் கண் கொஞ்சம் மங்கல்"

அடித்துவிட்டேன். ஏன் அடித்தேன் என்பதற்கு ஒரு முழு அத்தியாயம் தேவைப்படுகிறது.

3 (இதுதான் முதலில் 2 ஆக இருந்தது)

ஒரு பாத்திரத்தை எழுதும்போது அதைச் சந்தேகிப்பது எழுத்தாளனின் கடமை. ஆகவே ஒதீலியாவைச் சந்தேகிக்கிறேன்.

அவளுக்கு வயது ஐம்பத்து மூன்று. கண்ணாடி கிடையாது. நூற்றுக்கணக்கான சட்டைகளுக்குக் காலர் தைத்த கண். கோபுரத்தின் நடுவில் வட்டமான பலகை ஒன்று உண்டு, அதைச் சுற்றி 0 முதல் 360 வரை பாகைகள் குறித்திருக்கும், நடுவில் சுழலும் முள். புகை தெரிந்தால் முள்ளை அந்தப் பக்கம் திருப்பி, எத்தனையாவது பாகை என்று சொல்ல வேண்டும். வேறொரு மலையிலிருக்கும் இன்னொரு கோபுரமும் தன் பாகையைச் சொல்லும். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் தீ இருக்கும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். புகையைக் கண்டால் சொல்ல வேண்டிய ஒருத்தி, ஊரெல்லாம் புகையாக இருக்கும்போது என்னதான் சொல்வாள்?

"மொத வாரம் வயர்லெஸ்ல டெய்லி கேப்பாங்க, 'ஏதாச்சும் தெரியுதா'ன்னு," என்று அவளே ஒருநாள் காபிக்கடையில் சொன்னாள். "தெரியுதுன்னுவேன். 'என்ன தெரியுது?' புகை. 'எங்க?' ஜன்னலுக்கு வெளிய. 'ஜன்னல்னா எந்தத் திசை?' ஐயா, நாலு பக்கமும் ஜன்னல்தான் இருக்குன்னேன். அந்த முனையில இருந்த பையனுக்குக் கோவம் வந்துடுச்சு."

அந்தக் கோபத்தோடு கோபமாக, அவள் கணக்கில் ஏற்கெனவே இரண்டு பொய்த் தகவல்கள் ஏறியிருந்தன. ஒன்று, உழவு டிராக்டர் கிளப்பிய புழுதி. இன்னொன்று, ஆற்றின் மேல் எழுந்த காலைப் பனி. இரண்டையும் அவளே ஒப்புக்கொண்டாள். "தப்புதான், அவசரப்பட்டுட்டேன்" என்றாள். தன் தப்பை வாய்விட்டுச் சொல்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. எழுத்தாளனுக்கு இது பெரிய இடைஞ்சல், சந்தேகிக்க இடமே தருவதில்லை.

மூன்றாவது தகவல் ஏட்டில் இப்படி இருக்கிறது:

ஆகஸ்ட் 10. பகல் 12.40. 212 பாகை. மெல்லிய நீலப் புகை, புதியது.

அன்று மற்றக் கோபுரம் முழுக்கப் புகைக்குள் மூழ்கிக் கிடந்தது. ஆகவே கோடு ஒன்றுதான், வெட்டுவதற்கு மறுகோடு இல்லை. பெரிய தீயை அணைத்துக்கொண்டிருந்த ஹெலிகாப்டர் ஒன்றை எங்கள் பக்கம் திருப்பி அனுப்பினார்கள். அது எங்கள் ஊரை மூன்று சுற்றுச் சுற்றியது. எதுவும் தெரியவில்லை. காவலர் ஒருவர் வீடு வீடாக விசாரித்தார். யாரும் எதையும் எரிக்கவில்லை என்றார்கள். பொய்த் தகவல் என்று எழுதி விசாரணைக்கு அனுப்பினார்கள்.

ஹெலிகாப்டர் போய்வந்த அந்த இருபது நிமிடத்தில் மறுபக்க மலையில் ஒருவருடைய தேன்பெட்டிகள் எரிந்துபோயின என்று கேள்வி. உண்மையா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டும்.

4

இங்கே கதைக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டான். கதை என்று வந்துவிட்டால் நீலப் புகையை யாராவது எழுப்பித்தானே ஆக வேண்டும்?

தியொதோரு என்று ஒரு கிழட்டு ஆட்டுக்காரனை உண்டாக்கினேன். ஆற்றங்கரையில் முள்ளும் சருகும் கூட்டி எரிக்கிறான். காது மந்தம், ஆகவே தடை அறிவிப்பைக் கேட்கவில்லை. ஒரு கால் கொஞ்சம் சாய்த்து நடப்பான். இன்னும் உயிர் வரட்டும் என்று அவனுக்கு ஒரு நாயும் கொடுத்தேன். நாய் வந்ததும் மனசு கேட்கவில்லை. எஜமானனைக் காவலர் கூட்டிக்கொண்டு போவதை அது பார்த்துக்கொண்டு நிற்கிறது. நாயை நீக்கினேன். நாய் போனதும் தியொதோருவைப் பார்க்கப் பாவமாக இருந்தது, காலைச் சரிசெய்தேன். பிறகு காதையும் சரிசெய்தேன். நன்றாகக் காது கேட்கிற, நேராக நடக்கிற ஒருவன் எதற்காகத் தடையை மீறுவான் என்று எனக்கே தெரியாமல் போனதும் அவனையும் அனுப்பிவிட்டேன். *

பிறகு வரைபடத்தை எடுத்தேன். காக்கைக் குன்றிலிருந்து 212 பாகைக்கு ஒரு கோடு போட்டேன். கோடு முதலில் கல்லறைத் தோட்டத்தின் மேல் போகிறது. அங்கே யாரும் சமைப்பதில்லை. அடுத்து ஜசிந்துவின் கோழிக்கூண்டு. கோழிகளுக்குத் தீக்குச்சி உரசத் தெரியாது. அதற்கடுத்து ஒரு மொட்டைமாடி. அதற்கப்பால் ஆறு.

மாடி என்னுடையது.

* தியொதோரு என்ற பெயரில் எங்கள் ஊரில் யாரும் இல்லை. இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். இருக்கிறவர்களிடம் மன்னிப்புக் கேட்பதைத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.

5

ஆகஸ்ட் பத்து எங்கள் ஊர்க் காவல் புனிதர் லொரென்ஸுவின் நாள். அவரை இரும்புக் கம்பித் தட்டின்மேல் கிடத்தி, கீழே கனல் மூட்டிக் கொன்றார்கள் என்பார்கள். அதனால் அவர் நாளில் நாங்கள் அதே மாதிரிக் கம்பித் தட்டில் மத்தி மீன் வாட்டித் தின்கிறோம். இது பக்தியா கிண்டலா என்று பாதிரியாரே கேட்டதில்லை. அவர் வீட்டுக்கும் ஆறு மீன் போகும்.

இந்த வருஷம் தடை. வெளியிடத்தில் ஒரு பொறிகூடக் கூடாது. கோயில் கதவிலும் காபிக்கடையிலும் பேருந்து நிறுத்தத்திலும் நோட்டீஸ் ஒட்டியிருந்தது:

தீக்குச்சி ஒன்றும் உரசாதே
தாய்மண்ணைக் கரியாக் கருக்காதே

எழுதியவன் நான்தான். ஊராட்சியிலிருந்து கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். இயைபு நன்றாக விழுந்திருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். படிக்கிறவனுக்குத்தான் உபதேசம், எழுதுகிறவனுக்கு இல்லை என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

அன்று ஊர்வலம் கிடையாது, பேண்டு வாத்தியம் கிடையாது. பூசை முடிந்ததும் ஜசிந்து ஒரு பெட்டியோடு வந்தான். கடற்கரையிலிருந்து அன்று காலையில் வந்த மத்தி. கண் பளபளவென்று இருந்தது. இரண்டு வாரமாக அவித்த உருளைக்கிழங்கும் டப்பா மீனுமாகத் தின்று நாக்கு செத்திருந்த நேரம்.

"இவ்ளோ புகையில நம்ம புகை எவன் கண்ணுல படப் போவுது?"

இந்த வாக்கியத்தைச் சொன்னவன் ஜசிந்து.

[நான்.]

பன்னிரண்டரைக்கு மாடியில் கனல் மூட்டினேன். பன்னிரண்டு மீனையும் கல்லுப்பில் புரட்டித் தட்டில் அடுக்கினேன். கொழுப்பு சொட்டிப் புகை எழுந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பியது. பதினைந்து நாளில் முதல்முறையாக வானம் நீலமாகத் திறந்தது. எதிர்மலையில் ஐந்து கம்பங்கள் தெரிந்தன.

"பாத்தியா! புனிதர் கண்ணத் தொறந்துட்டாருடா!" என்று ஜசிந்து சிலுவைக்குறி போட்டான். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அந்தத் தெளிவை எங்கள் விருந்துக்குக் கிடைத்த ஆசீர்வாதம் என்று நினைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எங்களுக்குக் குன்று தெரிந்தால் குன்றுக்கும் நாங்கள் தெரிவோம் என்ற சின்ன விஷயம் இருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் ஊர்க்காரனுக்கு லொரென்ஸு நாளில் அது தோன்றவே தோன்றாது.

ஹெலிகாப்டர் சத்தம் கேட்டதும் கிழங்கு வேகவைத்த பானைத் தண்ணீரை அப்படியே கனல்மேல் கவிழ்த்தேன். கம்பித் தட்டை ஜசிந்து என் கட்டிலுக்கடியில் தள்ளினான். பாய் பொசுங்கியது. கால் மணி நேரத்தில் காவலர் வந்தார், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முகக்கவசம் போட்டிருந்தார்.

"இங்க ஏதாச்சும் எரிச்சீங்களா?"

"இல்லீங்களே."

"புகை கெளம்பிச்சுன்னு கோபுரத்துலேர்ந்து தகவல்."

"புகையா? எங்கதான் இல்ல?"

அவர் சிரித்துவிட்டார். நல்லா சொன்னீங்க என்று அதை நோட்டில் குறித்துக்கொண்டார். அந்த வாக்கியம் இப்போது அறிக்கையில் இருக்கிறது. முப்பது வருஷமாக எழுதுகிறேன், அரசாங்கக் காகிதத்தில் ஏறிய என் ஒரே வாக்கியம் அது.

தெரு முழுக்க மத்தி வாசனை. மூக்குள்ள அத்தனை பேருக்கும் தெரியும். பண்டிகை நாளில் மத்தியைக் காட்டிக்கொடுப்பவன் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. ஆகவே யாரும் வாய் திறக்கவில்லை. காட்டிக்கொடுக்காதவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. யாராவது சூடான சூப்புக் கிண்ணத்தோடு உட்கார்ந்தால், "ஆவி பறக்குது, ஒதீலியாவுக்குத் தெரியாம குடி, ஹெலிகாப்டர் வந்துரும்" என்றார்கள். என் வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லிச் சிரித்தார்கள். முதல் இரண்டு நாள் அவளும் சிரித்தாள். மூன்றாம் நாளிலிருந்து காபிக்கடைக்கு வரவில்லை.

நானும் ஒருமுறை அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

6

செவ்வாய்க்கிழமை இதுவரை எழுதியதை ஜசிந்துவிடம் காட்டினேன். கடையில் வேறு யாருமில்லை. மேசைமேல் விழுந்திருந்த சாம்பலைத் துடைத்துக்கொண்டே படித்தான்.

"என் பேர எடுத்துடு."

"வேற என்ன பேர் போடட்டும்?"

"தியொதோருன்னு போடேன்."

"தியொதோருவ அனுப்பிட்டேன்டா."

"ஐயோ பாவம், ஏன்?"

"இல்லாத ஆள் மேல பழி போட மனசு வரல."

"அப்ப இருக்குற ஆள் மேல போடுவியா?" துணியை உதறினான். "யோசிச்சுப் பாருடா. நீ ஒரு கடுதாசி குடுத்தா உனக்கு அபராதம், எனக்கு அபராதம். அது கெடக்கட்டும், கட்டித் தொலைக்கலாம். கோயில் கதவுல உன் நோட்டீஸ் தொங்குதே, அத என்ன பண்ணுவ? தீக்குச்சி உரசாதேன்னு எழுதினவன் மாடியில மத்தி சுட்டான்னு பத்து ஊரு சிரிக்கும். உன் பத்திய எவன் படிப்பான்?"

"அவ போயிடுவாடா."

ஜசிந்து துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தான்.

"லியோன்ல காத்து நல்லாருக்குமாம்" என்றான் கடைசியில், என் முகத்தைப் பார்க்காமல்.

(ஜசிந்து கெட்டவன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. இந்தப் புகையில் நாலு வீட்டு ஆஸ்துமாக்காரர்களுக்கு ரொட்டியும் பாலும் கொண்டுபோய்க் கொடுப்பவன் அவன்தான். பயந்தவன், அவ்வளவுதான். நானும் பயந்தவன்தான், என் பயத்துக்கு எழுத்து நடை தெரியும் என்பது ஒன்றே வித்தியாசம்.)

7

புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஒதீலியா வந்தாள். கடிதம் ஆயிற்றா என்றாள். இருந்த தாள்களை அப்படியே எடுத்துக் கொடுத்தேன். சமையலறை மேசையில் உட்கார்ந்து, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

கோழிகள் வந்த இடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"இது யாரு தியொதோரு?"

"யாருமில்ல."

"நாயி நல்லாருந்துச்சு. வெச்சிருக்கலாம்."

தாள் புரளும் சத்தம்.

"கண்ணு மங்கல்னு எழுதி அடிச்சிருக்கீங்க. அடிச்சாலும் எழுத்து தெரியுது டாக்டரே."

"தெரியும்."

மீண்டும் தாள். பிறகு ஒரே தாளில் விரல் ஊரும் சத்தம் மட்டும். ஐந்தாம் பகுதியில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. எத்தனையோ பேர் என் எழுத்தைப் படித்திருக்கிறார்கள், அப்போதெல்லாம் எனக்கு இப்படி வியர்த்ததில்லை.

"இதுல ஒரு தப்பு இருக்கு" என்றாள்.

"என்ன?"

"பன்னெண்டு மீன்னு போட்டிருக்கீங்க. பதினாலு."

திரும்பிப் பார்த்தேன். விரல் அந்த வரியிலேயே இருந்தது.

"பைனாகுலர்ல எண்ணினேன். அதுல ரெண்ட கருக்கிட்டீங்க. ஜசிந்து கையில ரொட்டிய வெச்சுக்கிட்டு வானத்தப் பாத்துச் சிலுவ போட்டான். நீங்க பனியனோட நின்னீங்க."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப ஏன் நீ சொல்லல?"

"மொதல்ல பாகைய சொல்லிட்டேன். புகைன்னா ஒடனே சொல்லணும், அதான் ரூல். அப்புறம்தான் பைனாகுலர எடுத்தேன். பாத்தா நீங்க. 'மீன் சுடுறாங்க, ஆள அனுப்பாதீங்க'ன்னு திருப்பிச் சொல்ல வயர்லெஸ்ஸ கையில எடுத்தேன். யாருன்னு கேப்பாங்களே. பண்டிக நாளும் அதுவுமா... வெச்சுட்டேன். அந்தத் தப்பு என்னுது. நாளைக்கு அத நான் சொல்லத்தான் போறேன்."

"விசாரணையில என் பேரச் சொன்னா உன்ன விட்டுடுவாங்களே ஒதீலியா."

"நம்புவாங்களா? ரெண்டு தடவ தப்புத் தகவல் குடுத்தவ, மூணாவதுக்கு நோட்டீஸ் எழுதின பெரிய மனுஷன் மேல பழி போடுறான்னுதான் சொல்லுவாங்க." தாள்களை ஓரம் தட்டிச் சேர்த்தாள். "அதுக்குத்தான் சனிக்கெழம வந்தேன். நாலு தடவ தட்டினேன், எவரிஷ்டு. தானா சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

"இதுல எல்லாமே சொல்லியிருக்கேன்" என்றேன். "இதையே குடுத்துடேன்."

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. சிரிப்பு வருது. ஒரு எடத்துல அழுகையும் வந்துச்சு. ஆனா கோழியும் நாயும் வர்ற காயிதத்த அவங்க எந்த ஃபைல்ல வெப்பாங்க? இத நான் கொண்டுபோயி நீட்டினா, 'யாரோ கத எழுதியிருக்காங்கம்மா'ன்னு திருப்பிக் குடுத்துடுவாங்க." எழுந்தாள். "பஸ்ஸு ஏழேகாலுக்கு. நான் அதுலதான் போறேன்."

வாசல்வரை போய்த் துண்டைக் காலால் ஒதுக்கிவிட்டு, வெளியே போனதும் கதவை அவளே இழுத்துச் சாத்தினாள்.

8

முடிவுகள். மூன்று இருக்கின்றன.

அ) எழுத்தாளன் ஏழேகால் பேருந்தில் ஏறுகிறான். விசாரணை அறையில் எழுந்து நின்று, "அந்தப் புகை என்னுடையது" என்கிறான். ஒதீலியாவுக்குச் சாவி திரும்பக் கிடைக்கிறது. எழுத்தாளனுக்கு அபராதம், பத்து ஊர்ச் சிரிப்பு, ஒருவேளை ஜசிந்துவின் நட்பும் போகும். வாசகர்கள், இது கொஞ்சம் நீதிக்கதை மாதிரி இருக்கிறதே என்பார்கள்.

ஆ) எழுத்தாளன் இந்தத் தாள்களை உறையில் போட்டு அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருக்கிறான். அதிகாரி கோழிகள்வரை படித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகிறார்.

இ) எழுத்தாளன் எங்கும் போவதில்லை. ஒதீலியா லியோன் போகிறாள். அடுத்த கோடையில் கோபுரத்தில் வேறு யாரோ. எழுத்தாளனுக்கு ஒரு நல்ல கதை மிஞ்சுகிறது, எங்காவது அச்சாகிறது, கடைசி வரி நன்றாக இருந்தது என்று யாரோ எழுதுகிறார்கள்.

கதை என்று பார்த்தால் மூன்றாவதுதான் சிறந்தது. அதில் ஒரு துயரம் இருக்கிறது, ஒரு மௌனம் இருக்கிறது. இதைப் படித்துப் பார்த்ததும் எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

[வியாழன். காலை 7.05. ராத்திரி தூங்கவில்லை, அதைப் பற்றி எழுதவும் விருப்பமில்லை. ஜன்னலிலிருந்து ஒரு கம்பம்கூடத் தெரியவில்லை. பேருந்து நிறுத்தமும் தெரியவில்லை, ஆனால் அங்கே யாரோ இருமுவது கேட்கிறது. அது யார் என்று எனக்குத் தெரியும். காலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அதை வைத்து நீங்கள் எந்த முடிவுக்கும் வந்துவிட வேண்டாம். பால் வாங்கப் போகவும் நான் சப்பாத்துத்தான் போடுவேன்.]

கடைசித் தாளின் அடியில் ஒரே ஒரு வரிக்கு இடமிருக்கிறது. அதில் என்ன எழுதுவது என்று பத்து நிமிடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கதைக்கு அடியில் எழுத்தாளர்கள் போடுகிற வரி ஒன்று உண்டு: இதில் சொல்லப்பட்டவை யாவும் கற்பனையே, யாரையும் குறிப்பிடுவன அல்ல. வாக்குமூலத்துக்கு அடியில் போடுகிற வரியும் ஒன்று உண்டு: இதில் சொல்லப்பட்டவை யாவும் உண்மை என உறுதி கூறிக் கையெழுத்திடுகிறேன். முதல் வரி இருந்தால் இது உங்களுடையது, அலமாரியில் வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது இருந்தால் இது ஒதீலியாவுடையது, அவள் கோப்பில் கோழி, நாய் எல்லாவற்றோடும் ஏறிவிடும்.

இரண்டு வரியும் ஒரே மாதிரித்தான் தொடங்குகின்றன. அந்த மட்டில் எழுதுவதற்குத் தைரியம் தேவைப்படவில்லை, எழுதிவிட்டேன். பேருந்து கீழ் வளைவில் கியர் மாற்றும் சத்தம் கேட்கிறது. பேனாவை இங்கேயே விட்டுவிட்டு எழுந்திருக்கிறேன். மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது ஒருத்தி அந்த நிறுத்தத்தில் நின்றுகொண்டிருக்கிறாள் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

இதில் சொல்லப்பட்டவை யாவும்